உப்புப் பார்க்காத கறி

மீன் குழம்புக்கு உப்புப் பார்க்க எங்கள் பக்கத்துப் பெண்கள் அகப்பையை வாயில் வைக்கமாட்டார்கள். ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு, ஒருக்கால் ஊதி, நாக்கால் தொடுவார்கள். அது கையின் பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணிக்குப் பிறகு நான் அதை விட்டுவிட்டேன். விட்டேன் என்று சொன்னாலும் கை விடாது. குழம்பு உள்ளங்கைக்கு வந்த பிறகுதான் நினைவு வரும். எழும்பிப் போய்க் கையைக் கழுவிவிட்டு வருவேன்.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாலு பேருக்கு முன்னால் கதைக்க எனக்கு வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் ஊர்காவற்துறைப் பக்கத்துக் கடற்கரைச் சனம், கத்தோலிக்க வேதக்காரர். சண்டைக்கு ஊரை விட்டுப் போய், யாழ்ப்பாணத்தில் கிடந்து, பிறகு வன்னியில் கிடந்து, அந்த வருடம்தான் திரும்பி வந்தோம். வீட்டில் சுவர் இருந்தது, கூரை இல்லை. வன்னியிலிருந்து நாங்கள் கொண்டுவந்தது இரண்டு பாயும் மகளுக்கு மலேரியாக் காய்ச்சலும்தான். அவளுக்கு அப்போது ஏழு வயது. ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ந்தது, பிறகு விடாமல் காய்ந்தது. ஒரு காலையில் கண் மேலே போய்விட்டது. கூப்பிட்டால் திரும்பவில்லை. என் புருசன் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் வைத்திருந்த ஒருவனைப் பிடித்து வந்தார். அதன் இழுவைப் பெட்டியில் பாயை விரித்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம்.

பண்ணைக் கடலைக் கடக்கிற தாம்போதி வீதியில் ஆமிக்காரர் மறித்துவிட்டார்கள். ஏதோ வாகனத் தொடர் வருகிறது, அது போகும்வரை ஒருவரும் அசையக்கூடாது என்றார்கள். இரண்டு பக்கமும் கடல், மேலே வெயில். என் புருசன் இறங்கிப் போய் ஆமிக்காரனைக் கும்பிட்டுக் கேட்டார். அவனும் சின்னப் பெடியன்தான், கையைக் காட்டி இருக்கச் சொன்னான். பிள்ளையின் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

அந்தோனியாருக்கு என்ன கொடுப்பது என்று தேடினேன். தாலிக்கொடி வன்னியில் போனது. தோடு அதற்கு முதலே போனது. தாம்போதிக்குப் பக்கத்தில் கடலுக்குள் தடி நட்டு வலை கட்டிய களங்கண்ணிகள் தெரிந்தன. ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன் அள்ளிக்கொண்டிருந்தான். வெயிலில் அது மின்னியது. எனக்கு மீன் என்றால் உயிர். பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் மற்றப் பெண்கள் மாங்காய் கேட்பார்கள், நான் ஒட்டி மீன் கேட்டேன். கொடுக்க என்னிடம் மிஞ்சி இருந்தது அந்த ஆசை ஒன்றுதான்.

பிள்ளையைக் காப்பாற்றித் தாரும், உம்முடைய தீவுக் கோயிலுக்கு வந்து என் கையால் கஞ்சி காய்ச்சி என் கையால் கொடுக்கிறேன், அதுவரைக்கும் மீன் வாயில் வைக்கமாட்டேன் என்று சொன்னேன். வாய்க்குள்தான் சொன்னேன்.

பிள்ளை பிழைத்தாள். ஊசி போட்டார்கள், கசப்புக் குளிசை கொடுத்தார்கள், மூன்று கிழமையில் எழும்பி நடந்தாள்.

தீவுக் கோயில் என்று நாங்கள் சொல்வது கடலுக்கு நடுவில் ஆளில்லாத ஒரு மணல் தீவில் இருக்கிற அந்தோனியார் கோயிலை. வருடத்தில் ஒருதரம், தபசு காலத்தில், வள்ளங்களில் சனம் போய் இரவு தங்கி, திருநாள் பூசை கண்டு திரும்பும். ஆவணியில் நேர்ந்தால் பங்குனிக்குள் முடிந்துவிடும் என்பது என் கணக்கு. கடல் பூட்டிக் கிடக்கிறது என்பதை அந்த லான்ட்மாஸ்டரில் நான் யோசிக்கவில்லை. நேவி விட்ட எல்லைக்குள் மட்டும்தான் தொழில். அதற்கு அப்பால் ஒரு வள்ளமும் போகேலாது. அந்தப் பங்குனியில் திருநாள் நடக்கவில்லை. அடுத்த பங்குனியிலும் இல்லை.

மீன்பிடிகாரன் வீட்டில் மீன் சாப்பிடாமல் இருப்பது லேசான வேலையில்லை. காலையில் வலையிலிருந்து கழற்றுவது மீன். மத்தியானம் ஆய்வது மீன். மிஞ்சினதை வெட்டி உப்புப் போட்டுக் காயவைப்பதும் மீன்தான். கையிலும் தலைமயிரிலும் அதே மணம். பிள்ளைக்கு முள் எடுத்துத் தீத்திவிட்டு, சட்டியைக் கழுவி வைத்துவிட்டு, நான் முருங்கையிலைச் சுண்டலோடு இருப்பேன். சம்பலுக்கு மாசி போடுவதையும் விட்டேன். மாசியும் மீன்தானே. பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சுகிற நாட்களில் நண்டும் இறாலும் திருக்கையும் ஒரே பானையில் கொதிக்கும், வளவு முழுக்க வந்து பனையோலைப் பிளாவோடு குந்தியிருக்கும். நான் ஊற்றிக் கொடுப்பேன். வெள்ளிக்கிழமை இறைச்சியை விடுகிற எங்கள் சனம் மீனில் விழும். எனக்கு அன்றைக்கு இரண்டும் இல்லை.

ஒருவருக்கும் சொல்லவில்லை. நேர்ந்ததை முடிக்க முதல் ஊருக்குச் சொன்னால் அது பெருமைக்குச் செய்ததாகிவிடும் என்று சின்னனில் சொல்லித் தந்திருந்தார்கள். அதோடு, நான் எதைத்தான் வாய்விட்டுச் சொன்னேன்.

என் புருசனுடைய தமக்கை, எனக்கு மச்சாள், பக்கத்து வளவில் இருந்தா. அவவுக்குக் குரல் பெரிது. கரையில் நின்று கூப்பிட்டால் வள்ளத்தில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

"என்ன மச்சாள், சைவமாயிட்டியோ? திருநீறு வாங்கித் தரட்டே?" என்று கேட்பா.

"வயித்துக்கு ஒத்துக்கொள்ளுதில்லை."

"மீன்காரன் பெண்சாதிக்கு மீன் ஒத்துக்கொள்ளாட்டில் கடலையே ஒத்துக்கொள்ளும்?"

சரவணை ஊரிலிருந்து மீன் வாங்க வருகிற ஒரு பொம்பிளை, சைவக்காரி, அதைக் கேட்டுச் சிரித்தா. "நாங்கள் வெள்ளியும் விரதமும்தான். நீர் ஏழு நாளுமெல்லே. எங்களையும் மிஞ்சிப் போட்டீர்," என்றா. நான் மீனை நிறுத்துப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

உப்புத்தான் பிழைத்துப் போனது. நாக்குத் தொடாமல் குழம்பு வைத்தால் கைக் கணக்கு எவ்வளவு நாளைக்குச் சரிவரும்? முதல் மாதங்களில் என் புருசன் பகிடி பண்ணினார்.

"இண்டைக்குக் கடல்லை இருந்து நேரே அள்ளி ஊத்தினியோ?" என்பார் ஒருநாள். இன்னொருநாள், "உப்புக்கும் ஆமியிட்டைப் பாஸ் எடுக்கவேணுமோ? வரவேயில்லை," என்பார்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என் பீங்கானைப் பார்த்தார். சோறும் சுண்டலும். பிறகு குசினி மூலையில் இருந்த அந்தோனியார் படத்தைப் பார்த்தார். நான் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

"எப்ப முடியும்?" என்றார்.

"கடல் திறந்தால்," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு உப்பைப் பற்றிக் கதைத்ததேயில்லை. எனக்குக் கை சரிவந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நேர்த்தி என்றால் முழங்காலில் போவதும் அழுவதும் என்று சனம் நினைக்கும். என் நேர்த்தியில் அப்படி ஒன்றுமில்லை. தினம் சட்டி கழுவுகிற மாதிரித்தான் இருந்தது. முதல் வருடம் உருக்கம் இருந்தது, சோற்றுக்கு முன்னால் பிள்ளையைப் பார்த்து அந்தோனியாருக்கு நன்றி சொல்வேன். பிறகு அது குறைந்தது. பிறகு களைப்பு மட்டும்தான். சில நாளில் அந்தப் படத்தைப் பார்த்து, உமக்கு என்னிடம் இருந்து இந்த மீனை வாங்கி என்ன கண்டீர் என்று மனதுக்குள் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கேள்வி பாவமோ என்று பயந்து பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். தட்டிக்குப் பின்னால் முகம் தெரியாது, அங்கே எனக்குக் கொஞ்சம் வாய் வரும். அப்போதிருந்த பங்குச் சுவாமி இளவயது, பொறுமையானவர்.

"அம்மா, இதைத் தூக்கிக்கொண்டு திரியத் தேவையில்லை. போகேலாத இடத்துக்கு நேர்ந்ததை மாத்தித் தர எங்களுக்கு அதிகாரம் இருக்கு. வாற ஞாயிறு இஞ்சை எங்கடை கோயில்லையே கஞ்சி காய்ச்சிக் குடுங்கோ. நான் மந்திரிச்சு விடுறன். அதோடை முடிஞ்சுது. மீன் சாப்பிடுங்கோ."

வீட்டுக்கு நடந்து வரும்போது உடம்பில் பாரம் இல்லாத மாதிரி இருந்தது. அன்றைக்கு விளைமீன் பட்டிருந்தது. பால் விட்டுக் குழம்பு வைத்தேன். ஒரு சொட்டு உள்ளங்கைக்கு வந்தது. ஊதினேன். பிள்ளை வெளியில் ஓடுகிற சத்தம் கேட்டது. இருமுகிற சத்தமும் கேட்டது. சும்மா இருமல்தான், புழுதிக்கு வந்தது. ஆனாலும் நான் எழும்பிக் கையைக் கழுவினேன்.

அடுத்த கிழமை சுவாமியிடம் போய்ச் சொன்னேன். "சுவாமி சொன்னது சரிதான். ஆனால் வண்டில்லை இருந்து வாக்குக் குடுத்தது நான். என்னாலை ஏலுமெண்டால் போய்த்தான் முடிக்கவேணும்."

"ஏலாமல் போனால்?"

"ஏலாமல் போனால் அவருக்குத் தெரியும்தானே."

சுவாமி வற்புறுத்தவில்லை. நான் செய்தது விசுவாசமா பயமா என்று எனக்கு இன்றைக்கும் வடிவாய்த் தெரியாது. இரண்டும் ஒரே சட்டியில் கிடந்தது. பிரித்து எடுக்க என் படிப்புக் காணாது.

சமாதானம் என்று சொல்லிக் கடலைத் திறந்தார்கள். இரண்டாயிரத்து மூன்று தபசு காலத்தில் தீவுக் கோயில் திருநாள் நடக்கும் என்று பூசையில் அறிவித்தார்கள். அரிசி, பயறு, தேங்காய், விறகு, தண்ணீர்க் கான், எல்லாம் கட்டி வைத்தேன். அந்தத் தீவில் நல்ல தண்ணீர் இல்லை, எல்லாம் கொண்டுபோகவேண்டும். புறப்படுகிற அன்று காலையில் என் புருசன் விறகைத் தூக்கப் போனவர் முற்றத்தில் விழுந்தார். வாய் ஒரு பக்கம் போயிருந்தது. இடது கையும் காலும் கட்டை மாதிரிக் கிடந்தன.

கரையில் வள்ளம் காத்து நின்றது. வள்ளக்காரத் தம்பி வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, அரிசியைத் தாங்கோ. எங்கடை பானையோடை போட்டுக் காய்ச்சி விடுறம். அந்தோனியார் குறை நினையார்."

என் கையால் என்று சொல்லியிருந்தேன். அரிசியைக் கொடுக்கவில்லை. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் பிடித்துத் தா என்று மட்டும் கேட்டேன். அந்த அரிசி பிறகு வீட்டில் சோறாய்ப் போனது.

அடுத்த வருடமும் திருநாள் நடந்தது. நான் போகவில்லை. அவர் படுக்கையில். துடைக்கவும் திருப்பவும் என்னைத் தவிர ஒருவரையும் விடமாட்டார், வெட்கம். அந்த விசயத்தில் எனக்கு ஏற்ற ஆள்தான். எங்கள் கலியாணத்தில் இன்பத்திலும் துன்பத்திலும் நோயிலும் என்று நான் சொன்னது கேட்கவில்லை என்று சுவாமி திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார், சனம் சிரித்தது. வாய்க்குள் சொன்னதும் வாக்குத்தான். அந்த வாக்கு என்னைக் கட்டிலடியில் இருத்தியது, மற்ற வாக்கு கடலுக்கு அப்பால் நின்றது. இரண்டுக்கும் நடுவில் நான் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

மகள் வளர்ந்துவிட்டாள். ஏன் மீன் சாப்பிடுவதில்லை என்று அவள் ஒருநாள் நெருக்கிக் கேட்க, சொல்லிவிட்டேன்.

"எனக்கு மருந்து தந்தது டொக்டரம்மா. அவையைக் கேட்டால் உங்களை மீன் திங்கவேண்டாம் எண்டு சொல்லியிருப்பினமே?"

"இல்லை."

"பிறகேன்?"

"நான் சொன்னனான், பிள்ளை."

அவளுக்கு அது விளங்கவில்லை. கோபமும் வந்தது. தன்னுடைய தலையில் தேவையில்லாத கடனை ஏற்றிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன்.

இரண்டாயிரத்து ஐந்தில் கடலில் மறுபடியும் கெடுபிடி தொடங்கும் என்று கரையில் கதை அடிபட்டது. இந்த வருடம் போகாவிட்டால் பிறகு எப்போதோ தெரியாது. திருநாளுக்குச் சில நாள் இருக்க, மச்சாள் அவரைப் பார்க்க வந்திருந்தா. என் புருசன் கோணல் வாயால் தமக்கையிடம் சொன்னார்:

"அக்கா, இவளைத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போ. மீன் திங்கட்டும்."

"என்ன கதைக்கிறாய்? தீவிலையோ மீன் இருக்கு?"

அவர் நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். மச்சாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டா.

"ஒன்பது வருசமா உன்னைச் சைவக்காரி எண்டு பகிடி பண்ணினனான். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே?"

"நீங்கள் கேக்கேல்லை."

"நான் வேறை என்னத்தைக் கேட்டனான்? கல்லு. நீ கல்லு."

நான் அவரைப் பார்த்துச் சொன்னேன்: "உங்களை விட்டிட்டு எப்பிடி? சுவாமி முன்னாலை சொன்னனான்."

"அது எனக்குச் சொன்னது. ரெண்டு நாளைக்கு நான் விட்டுத் தாறன். அவருக்குச் சொன்னதை அவர் விட்டுத் தரமாட்டார் போலை. போய் முடிச்சிட்டு வா."

"ஆர் துடைக்கிறது?"

"அத்தான் துடைக்கட்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறன்."

மச்சாளின் புருசனும் மகளும் அவரோடு நின்றார்கள். நானும் மச்சாளும் போனோம். வள்ளத்தில் நான் சத்தியெடுத்தேன். மீன்பிடிகாரன் பெண்சாதிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று மச்சாள் சொல்வா என்று பார்த்தேன். அவ முதுகைத் தடவினா.

அடுத்த நாள் விடிய, மணலில் மூன்று கல் வைத்துப் பானையை ஏற்றினேன். அரிசியும் பயறும் போட்டு, தேங்காய்ப்பால் விட்டேன். புகை கண்ணைக் கரித்தது. பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. சுற்றிவரப் பானைகள், ஒவ்வொரு பானையடியிலும் ஒருவர் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அகப்பையோடு நின்றேன். சனம் என்னைக் கடந்து போனது. கூப்பிட வாய் வரவில்லை. கஞ்சியில் ஆடை படர்ந்துகொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வந்து பானை நிறையத் திரும்பிக் கொண்டுபோனால் நான் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது?

"ஏன் பானையைக் காவல் காக்கிறாய்? கூப்பிடன்," என்றா மச்சாள்.

"ஏலாமல் கிடக்கு."

"கையாலை குடுக்கிறன் எண்டுதானே நேர்ந்தனி?"

"ஓம்."

"தொண்டையாலை எண்டு சொல்லேல்லையே?"

"இல்லை."

"அப்ப விடு." அவ சேலையைச் செருகிக்கொண்டு திரும்பினா. "இஞ்சாலை வாங்கோ, கஞ்சி இஞ்சை. காய்ச்சினவ ஊமையில்லை, வெக்கம். வந்து குடியுங்கோ. நெடுந்தீவுச் சனம், நீங்களும் வாங்கோ, உங்கடை பானையிலை தண்ணிதான் கிடக்கு."

சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் தலை நிமிரவில்லை. நீட்டிய கிண்ணங்களையும் சிரட்டைகளையும்தான் பார்த்தேன். பானை அடி தெரிந்தது. வழித்துக் கடைசி ஆளுக்கு ஊற்றினேன். உருக்கம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. முதுகு நொந்தது. கோயிலுக்குள் போய், முடிந்தது என்று மட்டும் அந்தோனியாருக்குச் சொல்லிவிட்டு வெளியில் வந்து பானையை மணல் போட்டு உரஞ்சினேன்.

வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் மச்சாள் வீட்டு வள்ளத்தில் பட்ட விளைமீனைக் கொடுத்துவிட்டா. குழம்பு வைத்தேன். என் புருசனின் கட்டிலைக் குசினி வாசல் தெரிகிற மாதிரிப் போட்டிருந்தோம். அவர் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு சொட்டு உள்ளங்கைக்கு வந்தது. ஊதினேன். நாக்கில் வைத்தேன்.

உப்புக் குறைவு. அது உடனே தெரிந்தது. இன்னும் கொஞ்சம் போட்டேன்.

பிறகு பீங்கானில் ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தேன். வெடுக்கு மூக்கில் ஏறியது. விழுங்கப் பார்த்தேன், தொண்டை விடவில்லை. வெளியில் போய்த் துப்பிவிட்டு வந்தேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் ஒரு கண்ணிலிருந்து தண்ணீர் ஓடும், நோய்க்குப் பிறகு அப்படித்தான்.

"அப்ப எல்லாம் எனக்கோ?" என்றார்.

முள் எடுத்து அவருக்குத் தீத்தினேன். மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "இண்டைக்குத்தான் உப்புச் சரி."

"முந்திச் சரியில்லையோ?"

"முந்தி ஒருநாள் கடல், ஒருநாள் குளம்."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ நக்கிப் பாக்கவேண்டி வரும்."

அவ்வளவுதான் சொன்னார். வாயைத் திறந்து அடுத்த பிடிக்குக் காத்திருந்தார்.

கரையில் கதைத்த மாதிரியே அடுத்த வருடம் கடலை மறுபடி பூட்டினார்கள். என் புருசன் இரண்டாயிரத்து எட்டில், படுக்கையிலேயே, என் கையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். சண்டை முடிந்ததை அவர் காணவில்லை. இப்போது மகளோடு இருக்கிறேன். அம்மா மீன் சாப்பிடமாட்டா என்று அவள் வருகிறவர்களுக்குச் சொல்கிறாள். நேர்த்தி ஒன்றும் இல்லை, நாக்கு அதை மறந்துபோனது. அவளுக்கும் மருமகனுக்கும் நான்தான் சமைக்கிறேன். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்பைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வாயைக் கொப்பளிக்கிறேன்.